தக்கைப்பூண்டு விதையின் கிளைகள்

வயலில் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டின் விதைக்குள் செடி தனக்கென்று சேர்த்து வைக்கும் பசைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மேனோஸ் என்னும் சர்க்கரை அதில் நீண்ட சங்கிலியாகக் கோத்திருக்கும். இடையிடையே காலக்டோஸ் என்னும் இன்னொரு சர்க்கரை கிளையாகத் தொங்கும். எத்தனை மேனோஸுக்கு ஒரு கிளை என்று நான் நிறுவ வேண்டும். சென்ற ஆண்டு விதையில் இரண்டுக்கு ஒன்று வந்தது. இந்த ஆண்டு கிளைகள் பாதிக்கு மேல் காணவில்லை. இரண்டும் சாலவாக்கத்தில் அண்ணன் நிலத்தில் விளைந்த விதை.

ஆய்வேட்டை ஒப்படைக்க இதுதான் கடைசி நீட்டிப்பு. இந்த வயதில் இன்னொரு முறை பதிவு செய்யத் தெம்பில்லை. பசையை உடைக்கும் அமிலத்தை மாற்றினேன். குடுவைகளை மறுபடி கழுவினேன். கருவியைச் சரிபார்த்தேன். அதே விடை.

"ரெண்டாவத விட்டுடுங்க சார். முதல் முடிவோட எழுதி முடிங்க" என்றார் என்னைவிட இளையவரான நெறியாளர்.

கை வரவில்லை. பிடிக்காத எண்ணை ஒதுக்கிவிட்டால் பிடித்த எண்ணை எப்படி நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூரில் ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். உத்திரமேரூர் வீட்டில் உட்காரவும் முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சாலவாக்கம் போனேன். அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்டி கீது?"

"இந்த வாட்டி குடுத்த வெத எந்த மூட்டையில எடுத்தது அண்ணி?"

"மூட்டையிலயா? வெதைக்கிறதுக்கு முந்தி வூட்டு வெதய வெளிய குடுப்பாங்களா? வெதைக்க ஊறப் போட்டதுல மீந்தத உனக்குன்னு காயவெச்சேன்."

"போன வருசம்?"

"அப்ப நீ வந்தப்போ வெதச்சி முடிச்சாச்சி. மூட்டையில கெடந்தத அள்ளிக் குடுத்தேன்."

"எவ்ளோ நேரம் ஊறிச்சி?"

"மழ புடிச்சிக்கினு உங்கண்ணன் கழனிக்கே போவல. ரெண்டு நாளு ஊறி மொளகூட வுட்டுச்சி. அதெல்லாம் தேச்சி, பொடச்சி, சுத்தமாத்தான குடுத்தேன். பசை காய்ச்சறவனுக்கு அது போதாதா?"

முளைக்கத் தொடங்கிய விதை, சேமிப்பிலிருந்து முதலில் அறுத்து எடுப்பது கிளைகளைத்தான். நான் அளந்தது அது தின்று வைத்த மிச்சத்தை. அண்ணிக்கு விளக்கினேன்.

"பசிச்சா துன்னாதா பின்ன?" என்றார். "இப்பதான் வெதச்சாச்சே. மூட்டையில கீது, வேண்டியத எடுத்துக்கினு போ."

மூட்டையிலிருந்து எடுத்து வந்த விதையில் இரண்டுக்கு ஒன்று வந்தது. அதன் பிறகும் ஆய்வேட்டை மூட மனம் வரவில்லை. ஊறிய விதையின் எண்ணை, ஊறியது என்று குறிப்பிட்டே ஒரு பக்கமாகச் சேர்த்தேன். நெறியாளர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"வாய்மொழித் தேர்வுல இதத்தான் நோண்டுவாங்க."

"நோண்டட்டும் சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.