துணைக்கு ஆள் கேட்டவள்

என் அக்கா தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். நகரத்துக்குத் தண்ணீர் விடுகிற அலுவலகத்தில் பரீட்சை எழுதி வேலைக்குச் சேர்ந்தவள். தோள்பையில் ஒரு டார்ச், ஒரு பழைய துணி, மீட்டர் எண்ணைத் தட்டிப் பதிவுசெய்கிற சின்ன மெஷின், முனை வளைந்த ஓர் இரும்புக் கொக்கி. இவ்வளவுதான் அவளுடைய ஆயுதங்கள் என்று யாராவது கவிதை எழுதலாம். நான் எழுத மாட்டேன். அவை ஆயுதங்கள் இல்லை, வேலைச் சாமான்கள். இந்த வித்தியாசம் புரியாதவர்களால்தான் இவ்வளவும் நடந்தது.

வீட்டு வாசல்களில் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கிப் பக்கத்தில் வைப்பாள். உள்ளே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. கரப்பான்பூச்சிகள் ஓடி ஒளியும்வரை பொறுத்து, கையை விட்டு மீட்டரின் கண்ணாடியைத் துடைப்பாள், டார்ச் அடித்து எண்ணைப் படிப்பாள். பிறகு மூடியை வைத்து, உட்காருவதற்காகக் காலால் ஒரு மிதி. அடுத்த வீடு. விருந்தாளியாக எங்கே போனாலும் அவள் கண் முதலில் தரையைத்தான் தேடும். "இவங்க வீட்டு மூடி விரிசல் விட்டிருக்கு" என்பாள். "போன இடத்துலயாவது மனுஷங்க முகத்தைப் பாருடி" என்பாள் அம்மா. வாசலில் நின்று "தண்ணி மீட்டர்" என்று அவள் கொடுக்கிற குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுகிறாள்.

இப்போது அவளுக்குக் 'கராத்தேக்காரி' என்று பெயர் விழுந்திருக்கிறது. சிலர் பாராட்டாகச் சொல்கிறார்கள், பலர் நக்கலாக. இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான்.

கறுப்புக் கேட்டு போட்ட ஒரு வீடு அவள் பாதையில் உண்டு. கேட்டுக்கு உள்ளேதான் குழி. ஒருநாள் அவள் குனிந்து உட்கார்ந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. "ரீடிங்கை நானும் பாக்கணும்ல" என்று அந்த வீட்டுக்கார ஆள் வந்து, அவள் தோளில் கையை ஊன்றிக் குனிந்தான். கை தோளோடு நிற்கவில்லை. அவள் பையையும் மெஷினையும் மட்டும் அள்ளிக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளி வெளியே வந்துவிட்டாள். கொக்கி அங்கேயே கிடந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் அவளிடம் முதலில் கேட்டது, கொக்கியைத் தொலைத்ததற்கு விளக்கம்.

நடந்ததை மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

"அந்த வீட்டுக்கு மட்டும் துணைக்கு ஒரு ஆள் அனுப்புங்க சார். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"ஆளுக்கு நான் எங்கேம்மா போவேன்? உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். கேக்கறவங்களுக்கும் குடுங்க."

"அதில்லம்மா. இந்தக் காலத்துல பொம்பளைங்க தைரியமா இருக்க வேணாமா? நாலு அடி கத்துக்கிட்டா எவன் கிட்ட வருவான்?"

துணைக்கு ஓர் ஆளைத் தர முடியாத அலுவலகத்துக்கு, மூன்று மாஸ்டர்களை வரவழைக்க முடிந்தது. எல்லாப் பெண் ஊழியர்களுக்கும் தற்காப்புப் பயிற்சி என்று பேனர் கட்டினார்கள். பேனரில் மேற்பார்வையாளர் படம் இருந்தது.

பயிற்சி நடந்த கூடத்துக்கு அக்காவை வண்டியில் கொண்டுபோய் விடுவேன். முடியும்வரை ஜன்னலோரம் ஒரு நாற்காலி எனக்கு. கராத்தே மாஸ்டர் கையை வீசும்போது அவருடைய வெள்ளை உடை சவுக்கு மாதிரிச் சத்தம் போட்டது. கலையில் பாதி அந்தத் துணியில்தான் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது எனக்கு.

"தெருவுல வர்றவனுக்கு ஒரு அடிதான். ரெண்டாவது அடின்னாலே நாம தோத்தாச்சுன்னு அர்த்தம். அதுக்குக் கராத்தேதான்" என்றார்.

ஜூடோ மாஸ்டர் குள்ளம், கழுத்தே இல்லாத உடம்பு. "அடிக்கத் தூரம் வேணும் மாஸ்டர். எவன் தூரமா நின்னு வணக்கம் சொல்லிட்டு வர்றான்? வந்து பிடிப்பான். பிடிச்சவனைத் தூக்கிப் போட ஜூடோவை விட்டா நாதி இல்ல."

மூன்றாமவர் மூக்கு உடைந்து ஒட்டிய குத்துச்சண்டைக்காரர். அவர் சூயிங்கம் மென்றுகொண்டே சிரித்தார். "தூக்கிப் போடுங்க. தார் ரோட்டுல மெத்தை யார் விரிப்பா? நீங்களும் கூட விழுந்து பல்லைப் பொறுக்குவீங்க. அடி விழற இடத்துல நாம இருக்கக் கூடாது. காலு ஓடிக்கிட்டே இருக்கணும். தெருன்னா அவ்வளவுதான்."

"கீழ தள்ளி மேல உக்காந்துட்டா உங்க காலு எங்க ஓடும்?"

"தள்ளினாத்தானே."

பெண்கள் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அக்காவுடைய தோழி, அவளும் மீட்டர் பார்க்கிறவள்தான், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள், அக்கா காதில் சொன்னது எனக்கே கேட்டது: "இந்த மூணு பேரையும் அந்த வீட்டுக்குள்ள விட்டு வெளியில தாழ்ப்பாள் போட்டுரலாம்டி. சண்டை தீர்ந்த மாதிரியும் இருக்கும்."

அக்கா எழுந்து நின்றாள். "நான் குனிஞ்சு உக்காந்திருப்பேன் மாஸ்டர். ஒரு கையில டார்ச், ஒரு கையில மெஷின். அவன் என் முதுகுக்குப் பின்னாடி. இப்ப என்ன பண்ணணும்?"

"முதல்ல எழுந்து நிலைக்கு வரணும்" என்றார் கராத்தே மாஸ்டர்.

"கையில இருக்கறதைக் கீழ போடணும்" என்றார் ஜூடோ மாஸ்டர்.

"ஏம்மா முதுகைக் காட்டறே?" என்றார் குத்துச்சண்டைக்காரர்.

"மீட்டர் தரையில இருக்கே மாஸ்டர்."

இதைச் சொல்லி அவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பிடித்த கையின் கட்டைவிரல் பக்கம் திருகினால் பிடி விடும் என்பதை ஜூடோவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள் அக்கா. சமையலறையில் என் கையைக் கொடுத்துப் பழகினோம். "பாத்திரம் எதாவது உருண்டுச்சு, நான் காட்டறேன் உங்களுக்கு ஒரு கலை" என்று அம்மா கரண்டியோடு நின்றாள். அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கக் கராத்தே சொல்லிக் கொடுத்தது; அது அக்காவிடம் ஏற்கெனவே இருந்தது. குத்துச்சண்டையில் அவளுக்குப் பிடித்தது கால்தான். அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவாள். மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், எதிரே ஒருத்தன் நிற்கிறான் என்று தெரிந்த பிறகு மூன்றுமே சிறந்தவைதான். கூடத்தில் வணக்கம் சொல்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், சண்டை தொடங்கப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிகிறது. தெருவில் ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவள் மீட்டர் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பயிற்சி முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கொடுத்த கையோடு மேற்பார்வையாளர் சொன்னார்: "இனிமே என்னம்மா பயம்? அந்த வீட்டு ரீடிங் பாக்கி நிக்குது. போய் எடுத்துட்டு வந்துரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவளைக் காப்பாற்றக் கொடுத்த பயிற்சி அல்ல. அவளை அனுப்புவதற்காகக் கொடுத்தது.

போனாள். புதுக் கொக்கியோடு போனாள். இந்தத் தடவை வீட்டு வாசலைப் பார்த்து, குழியை முன்னால் வைத்து உட்கார்ந்தாள். அந்த ஆள் வீட்டுக்குள்ளிருந்து வந்தான், அவளைச் சுற்றிக்கொண்டு போனான், தாழ்ப்பாளைப் போட்டான். செருப்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் நெருங்கியது. அவள் ஒரு சத்தம் போட்டு எழுந்து, இடது பக்கம் ஓரடி நகர்ந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவள் தோள் இருந்த இடத்துக்கு நீண்டு வந்த கைகளுக்கு ஊன்ற ஒன்றும் கிடைக்கவில்லை. உடம்பு முன்னால் போனது. ஒரு கால் திறந்த குழிக்குள் இறங்கியது. கணுக்கால் முறிந்த சத்தம் மரக்குச்சி ஒடிகிற மாதிரி இருந்தது என்றாள் அக்கா. ஆம்புலன்சைக் கூப்பிட்டவளும் அவள்தான். அடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டது இதுதான்:

"ரீடிங் எடுத்துட்டியாம்மா?"

அந்த ஆள் கட்டுப் போட்ட காலோடு புகார் கொடுத்தான். சண்டைப் பயிற்சி பெற்ற ஊழியர் தன்னைத் திட்டமிட்டுத் தாக்கியதாக. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வேலை போய்விடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். விசாரணைக்கு ஊழியர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. அந்த வீட்டுக்குத் துணைக்கு ஆள் இல்லை, விசாரணை அறைக்கு உண்டு. நான் போனேன்.

அவள் பயன்படுத்தியது என்ன முறை என்று விளக்க மூன்று மாஸ்டர்களையும் வரவழைத்திருந்தார்கள். வரிசையாக, பள்ளிக்கூடப் பையன்களைப் போலக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்களோடது மன ஒழுக்கத்துக்கான கலை சார்" என்றார் கராத்தே மாஸ்டர். "அடிக்கறதெல்லாம் கடைசி. கடைசின்னா, இல்லன்னே வெச்சுக்கலாம்."

"பிடிச்சு விழுந்தாத்தான் ஜூடோ. பிடிக்காம விழுந்தது எங்க கணக்குல வராது" என்றார் இரண்டாமவர். "அதுவும் இது விளையாட்டு சார். சின்னப் பசங்க செய்யறது."

குத்துச்சண்டைக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் பொதுவா, உடம்பு குறையறதுக்குச் சில அசைவுகள் சொல்லிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

தெருவுக்கு எங்களை விட்டால் நாதி இல்லை என்று மார்தட்டிய மூன்று கலைகளும், தெருவிலிருந்து ஒரு காகிதம் வந்ததும் உடற்பயிற்சியாகிவிட்டன.

"உடம்பு குறையறதுக்கா மாஸ்டர்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்போ எந்த முறையில தாக்கினீங்க?"

"தாக்கல சார். நகர்ந்தேன்."

"வெறுமனே நகர்ந்தீங்கன்னா, அவர் விழுந்ததுக்குக் காரணம் திறந்திருந்த மூடி. அப்போ அது வேலையில கவனக்குறைவு."

"மூடியைத் திறக்காம மீட்டர் பாக்க முடியாது சார். சரி, அடிச்சேன்னு சொன்னா?"

"தேவைக்கு மேல பலம் பயன்படுத்தினதா ஆகும்."

"அவர் எதுக்கு சார் தாழ்ப்பாளைப் போட்டுட்டு என் முதுகுக்குப் பின்னாடி வந்தார்?"

"அது இந்த விசாரணையில வராது."

நான் வாய் திறந்து பேசுகிறவன் இல்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த என் விரல்கள் வெளுத்துப் போயிருந்ததை அக்காதான் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள், கட்டைவிரல் பக்கமிருந்து.

தீர்ப்பு வந்தது. தாக்கியதற்கு ஆதாரமில்லை, மூடியைக் கவனிக்காததற்கு எச்சரிக்கை, வேலைக்குத் திரும்பலாம். பாதையில் மாற்றம் இல்லை. கறுப்புக் கேட்டு வீடு அவளுக்கேதான்.

மீட்டர் பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு பூட்டியிருந்தால் மெஷினில் 'பூட்டு' என்று தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். மூன்று தடவை தொடர்ந்து பூட்டு என்று வந்தால் மேற்பார்வையாளரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் தடவை அக்கா அந்தத் தெருவுக்கே போகாமல் பூட்டு என்று தட்டினாள்.

"நாய்னு போடேன். கடிக்கற நாய்க்கும் ஒரு பட்டன் இருக்கே" என்றாள் ஒல்லி.

"நாயைக் கேவலப்படுத்தாதே."

ரீடிங் வராததால் அடுத்த தடவை மேற்பார்வையாளர் அந்த வீட்டை ஒல்லிக்கு மாற்றினார். அவளுக்கும் பூட்டு. அதற்கடுத்தது ஓர் ஆண் ஊழியருக்குப் போனது. பயிற்சிப் பக்கமே வராதவர், அக்காவோடு அதிகம் பேசியும் இராதவர். வாசலில் அந்த ஆள் ஊன்றுகோலோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அவனைப் பார்த்தபடியே அவர் பூட்டு என்று தட்டினாராம். கேட்டதற்கு, "எனக்கும் பூட்டாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

மேற்பார்வையாளர் போயே ஆக வேண்டியதாயிற்று. அந்தக் காலையில் அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தெரு முனையைத் தாண்டும்போது, "நிறுத்துடா" என்றாள்.

அலுவலக ஜீப் நின்றுகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் இறங்கினார். அவருக்கு முன்னால் டிரைவர் இறங்கினார், பின்னால் அலுவலகக் காவலாளி. காவலாளி கறுப்புக் கேட்டை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றார். டிரைவர் கொக்கியால் மூடியைத் தூக்கினார். மேற்பார்வையாளர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே குனிந்தார். அந்த ஆள் வீட்டு வாசலைவிட்டு ஓரடி நகரவில்லை. அங்கிருந்தபடியே வணக்கம் சொன்னான்.

கராத்தே இல்லை, ஜூடோ இல்லை. கேட்டுக்கு ஒருத்தர், மூடிக்கு ஒருத்தர். அக்கா முதல் நாளே கேட்டது இதில் பாதி.

அவள் வண்டியிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தாள். நான் சாவியைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினேன். கேட்டுக்கு வெளியே நின்று, அடுத்த தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரலில் கேட்டாள்:

"ரீடிங் எடுத்துட்டீங்களா சார்?"

மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். முழங்காலில் மண். டிரைவரைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார். "இவங்க... சும்மா கூட வந்தாங்கம்மா."

"பரவாயில்ல சார். அடுத்த தடவை எனக்கு ஒருத்தர் போதும்."

கேட்டில் சாய்ந்திருந்த காவலாளி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "நான் வர்றேம்மா" என்றார்.