இரும்பு வேண்டாத உடம்பு

அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது, தண்ணீரில் கரைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. வெறும் வயிற்றில், கண்ணாடித் தம்ளரில் மாத்திரைகளைப் போட்டு பிளாஸ்டிக் கரண்டியால் கலக்க வேண்டும். எவ்வளவு கலக்கினாலும் முழுதாகக் கரையாது. வெள்ளையடிக்கக் கலக்கி வைத்த சுண்ணாம்புத் தண்ணீர் போல ஆகும். குடிக்கும்போது பல்லில் நறநறக்கும், தொண்டையில் மாவாக ஒட்டும். குடித்து முடித்த பிறகும் அடியில் வண்டல் நிற்கும். அதையும் வீணாக்கக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் குடிக்க வேண்டும். எனக்குக் குமட்டியது முதல் தம்ளரில் அல்ல, அந்தக் கழுவிக் குடிக்கும் தண்ணீரில்தான்.

பிறந்ததிலிருந்தே எனக்கு தலசீமியா. என் உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்துகொள்ளாது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஏறுகிற ஒவ்வொரு பையோடும் இரும்பும் உள்ளே வருகிறது. வந்த இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். மாத்திரையின் வேலை அதைப் பிடித்து மலத்தோடு வெளியே அனுப்புவது. காலையில் குடிப்பதும் அசிங்கம், அது வேலை செய்கிற விதமும் அசிங்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வெளியே சொல்ல முடியாது. என் சிறு வயதில் மாத்திரை இல்லை, ஊசிதான். அப்பா ரயில்வே பட்டறை அலுவலகத்தில் வேலை பார்த்தார், லாலாகுடாவில் குவார்ட்டர்ஸ். வெளியே தெலுங்கும் உருதுவும் பேசும் ஊர், வீட்டில் மட்டும் தமிழ். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசியைச் செருகி, அதோடு இணைந்த சின்ன பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன். காலையில் குத்திய இடம் கட்டியாக வீங்கியிருக்கும். மாத்திரை வந்ததும் அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். நான் முகம் சுளித்தபோதெல்லாம், "இன்னும் என்னடி வேணும் உனக்கு? ஊசியும் நக்கோ, பம்ப்பும் நக்கோன்னு ஆயிடுச்சு. ஆண்டவர் கண்ணத் திறந்திருக்கார், மூக்கப் பிடிச்சிட்டுக் குடி" என்பாள். நக்கோ என்றால் எங்கள் ஊர் உருதுவில் வேண்டாம். அவள் சொன்னது நியாயம்தான். நியாயமான பேச்சு குமட்டலை நிறுத்துவதில்லை.

தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நூலகத்தில் எனக்கு வேலை. மாத்திரை பல நாட்கள் வயிற்றைக் கலக்கிவிடும். அந்தக் கட்டடத்தில் எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் முந்தின ஆள் விட்டுப்போனது மிதக்கும் என்பதெல்லாம் விஞ்ஞானிகள் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணம் நடக்காது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. திருநெல்வேலியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர், எங்கள் சர்ச்சில் பழக்கம். என் நோயை முழுதாகத் தெரிந்துகொண்டுதான் கேட்டார். ஹப்சிகுடாவில் குடித்தனம் வைத்தோம். மாமனார் இறந்த பிறகு அத்தை எங்களோடு இருக்க வந்தார்.

அத்தைக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. பகல் முழுதும் ஃபிளாட்டில் தனியாக இருப்பார். அதனால் வீட்டில் நடப்பது எதையும் விடாமல் பார்ப்பார். காலையில் நான் தம்ளரைக் கலக்கும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"இத்தன வருசமா குடிக்க. ஒடம்புல ஒண்ணும் பிடிக்கலையே, ஏட்டி."

"இது ஒடம்பு பிடிக்கறதுக்கு இல்ல அத்தை. இரும்ப வெளிய எடுக்கறதுக்கு."

"ரெத்தம் இல்லன்னுதான ரெத்தம் ஏத்துதாவ? பெறவு இரும்ப எதுக்கு எடுக்காவ?"

எனக்குத் தெரிந்த அளவு விளக்குவேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "மூஞ்சியும் கையும் கருத்துப் போய்க் கெடக்கு. இப்படி இருந்தா வயித்துல எப்படி ஒண்ணு தங்கும்?" சந்தையில் கோழியைத் தூக்கிப் பார்ப்பதுபோல இருக்கும் அந்தப் பிடி. கையை மெல்ல இழுத்துக்கொள்வேன்.

சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பியதும் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி தருவார். ஊர்ச் சுக்கு, ஊர்க் கருப்பட்டி. காரமும் இனிப்புமாக அது காலைச் சுண்ணாம்பை நாக்கிலிருந்து கழுவிவிடும். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே நேரம் அதுதான்.

ஒரு மழைக்காலத்தில் மலம் கறுப்பாகப் போக ஆரம்பித்தது. தார் மாதிரிக் கறுப்பு. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களைப் போன்றவர்கள் குனிந்து பார்த்தே ஆகவேண்டும். இந்த மாத்திரை சிலருக்கு வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், அப்போது கறுப்பாகப் போகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். மறுநாளே போனேன். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

தொண்டை மரத்துப்போக ஒரு கசப்பு மருந்தைப் பீய்ச்சினார்கள். வாய் மூடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். குழாய் இறங்க இறங்க, வெறும் வயிறு தன்னிடம் இல்லாததையெல்லாம் வெளியே தள்ளப் பார்த்தது. மஞ்சள் பித்தமும் எச்சிலும் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்ட நர்ஸ் தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள்மேல் கோபம் வரவில்லை. முடிந்திருந்தால் நானும் திரும்பியிருப்பேன்.

வயிற்றில் புண் இல்லை, ரத்தக் கசிவும் இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் கறுப்பு நிற்கவில்லை.

"இரும்பு உள்ளே போனாலும் இப்படிக் கறுப்பாகப் போகும். இரும்பு டானிக் ஏதாவது குடிக்கிறாயா?" என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஊரெல்லாம் குடித்தாலும் நான் குடிப்பேனா மேடம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் அலுவலகத்தில் குடிநீர்க் குழாய் உடைந்து எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். சாவி போட்டுத் திறந்து நேரே அடுக்களைக்குப் போனேன். அத்தை எனக்கு முதுகு காட்டி நின்றார். அடுப்புக்குப் பக்கத்தில் என் காப்பித் தம்ளர். கையில் ஒரு பழுப்புப் பாட்டில். அதன் மூடியில் அளந்து ஊற்றி, தம்ளரில் சரித்து, மூடியைச் சுக்குக் காப்பியிலேயே ஒரு தரம் முக்கி எடுத்தார். சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்ற கவனம்.

திரும்பி என்னைப் பார்த்ததும் பாட்டிலை முந்தானைக்குள் கொண்டுபோனார். நான் கையை நீட்டினேன். தந்துவிட்டார். ரத்தம் ஊறுவதற்கான டானிக். முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சு மிட்டாய் வாசனைக்கு அடியில் துருப்பிடித்த ஆணியின் வாசனை. இத்தனை வாரமும் நான் ஆசையாகச் சப்புக்கொட்டிக் குடித்தது இதைத்தான் என்று தோன்றியதும் சிங்க்கில் குனிந்து வாந்தி எடுத்தேன். அத்தை என் நெற்றியைத் தாங்கிப் பிடிக்க வந்தார். "தொடாதீங்க" என்றேன்.

"நான் என்ன வெசமா வச்சேன்? ஊர்ல எங்க டாக்டரு எழுதிக் குடுத்தது. ஒன் நாத்தனா இத குடிச்சுத்தான் ரெண்டு பெத்தா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ நக்கோ கிக்கோம்ப. ரெத்தம் ஊறிட்டா நீயே சந்தோசப்படுவேல்லான்னு இருந்தேன்."

அவர் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி மேலும் பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டினேன். பீங்கானில் பழுப்புக் கறை விழுந்தது.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சிரித்தார். ஒரு கணம்தான், உடனே அடக்கிக்கொண்டார். ஆனால் சிரித்தார். "அம்மாக்கு என்ன தெரியும்? நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சிருக்கா, விடு" என்றார். குழாய் என் தொண்டைக்குள் போனபோது வெளியே நின்று அழுத மனிதர்தான் அவர். அந்தச் சிரிப்பு எனக்கு டானிக்கைவிட அருவருப்பாக இருந்தது. பல நாட்கள் அவர் பக்கத்தில் படுக்கப் பிடிக்காமல் ஹாலில் படுத்தேன்.

டாக்டரிடம் போனபோது அத்தையையும் கூட்டிப்போனேன். நான் சொன்னால் ஏறாது, டாக்டர் சொல்லட்டும் என்று எண்ணம். அங்கே போன பிறகுதான் உறைத்தது. டாக்டருக்குத் தமிழ் வராது, அத்தைக்குத் தெலுங்கு வராது. நடுவில் நான்தான்.

டாக்டர் கோபமாகவே பேசினார். "இரும்பு இதயத்தில் படிந்தால் ஒருநாள் இதயம் நின்றுவிடும் என்று சொல்."

"இரும்பு ஜாஸ்தியானா ஹார்ட் நின்னு போயிடுமாம், அத்தை."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அத்தை டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ இந்த ரெத்தம் ஏத்துறத நிறுத்திர வேண்டியதான?"

அதை டாக்டருக்குச் சொன்னேன். அவர் தலையை அசைத்து ஒரே வரியில் பதில் சொன்னார்.

"நிறுத்தினாலும் செத்துப் போயிடுவேனாம்."

என் சாவை இரண்டு பாஷைகளில் நானே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் நேரம் விசாரிக்கிற குரலில் அது வெளியே வந்தது. அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "சரி, பிள்ள உண்டாகுமான்னு மட்டும் ஒரு வார்த்த கேளேன்" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் கேட்டார்.

"தேங்க்ஸ் சொல்கிறார்" என்றேன்.

மாத்திரை விட்டுப்போன வாரங்களில் இரும்பின் அளவு ஏறித்தான் இருந்தது. இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். அங்கே லேசாகப் படிய ஆரம்பித்திருந்தது. மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். பிறகு, கரைக்க வேண்டாம், அப்படியே விழுங்கலாம் என்று மேல்பூச்சுள்ள அதே மருந்துக்கு டாக்டர் மாற்றினார். வயிறு இப்போது அவ்வளவு கலங்குவதில்லை. ஒரு வருஷத்துக்குமேல் ஆகி அளவு இறங்கியது. அடுத்த ஸ்கேனில் இதயம் மோசமாகவில்லை என்றார்கள். கணவர் ஒருநாள் தானாக வந்து, "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. ஹாலிலிருந்து உள்ளே போனேன்.

அத்தை எங்களோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டது அவர் மனதில் எப்படியோ இறங்கிவிட்டது, தனக்குத் தெரிந்த வழியில். ஊரிலிருந்து கொண்டுவந்த தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார். "அவளுக்கு இரும்பு ஆகாது, கேட்டேளா? பக்கத்துலயே வரப்படாது" என்று சர்ச்சிலும் லிஃப்டிலும் தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரிடமும் சொல்கிறார். மாடி வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் தன் பையிலிருக்கும் கீரைக் கட்டைப் புடவையால் மூடிக்கொள்கிறாள். கல்லில் சுட்டால் ஒன்றும் ஆகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அத்தை கேட்பதில்லை. ஒட்டாத பூச்சுப் பூசிய புதுத் தவா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அதில் ஊற்றும் தோசை வெளுத்து, ஈரமாக, ரப்பர்போல இழுக்கிறது. கணவர் பாதியைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து போகிறார். நான் முழுதும் தின்கிறேன். அதற்குள் அத்தை எதிரே உட்கார்ந்து, "இன்னொண்ணு வைக்கட்டா?" என்கிறார்.