விலை ஜாஸ்தி ஒயர்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கடலூரில் ஸ்பீக்கர் கடை போட்டு, வாய்ப்பேச்சாலேயே மாடி வீடு கட்டினேன். என் பேச்சுக்கு மசியாத ஆள் கிடையாது.

சுனாமி வந்த மறு வருஷம், பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் ஒயர் வாங்க வந்தார். குப்பத்துக் கோயில் மைக்கில் அறிவிப்பு சொல்பவர். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கரகரத்த குரல். மைக் பழக்கத்தில் எதையும் இரண்டு முறை சொன்னார்.

"நூறு மீட்டர் ஒயரு வேணும் அண்ணே, நூறு மீட்டர்."

விலை கூடியதை எடுத்துப் போட்டேன்.

"வெல ஜாஸ்திதான் தம்பி. ஆனா சாதா ஒயரு பாதி சத்தத்த முழுங்கிடும். இது கடைசித் தெரு வரைக்கும் கணீர்னு கொண்டு போவும்."

அவர் ஒயரைத் தொடவில்லை.

"அன்னிக்கு ஓடுங்க ஓடுங்கன்னு மைக்ல கத்துனேன். கடைசித் தெருவுல யாருக்கும் கேக்கல. என் தங்கச்சியும் அது புள்ளயும் அங்கதான் அலையோட போனாங்க. சாதா ஒயரே போதும்னு வாங்கியாந்தது நான்தான் அண்ணே."

இதை ஒரு முறைதான் சொன்னார்.

"ஐயோ, அது வியாபாரத்துக்குச் சொல்றது தம்பி. ரெண்டுலயும் சத்தம் ஒண்ணாத்தான் போவும். காச வீணாக்காத, சாதாவே எடுத்துக்க" என்றேன்.

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு விலை கூடிய சுருளையே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

பொருளை வாங்காதே என்று நான் கெஞ்சியது அவர் ஒருவரிடம்தான். ஆனால் நான் முதலில் சொன்னதைத்தான் அவர் நம்பிக்கொண்டு போனார்.