மொரியோவின் இடது கட்டைவிரல்

பத்தொன்பது வருடம், தொள்ளாயிரத்து நாற்பத்தோரு ஞாயிற்றுக்கிழமை. ஹிரோஷிமாவின் ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில், பழைய வீடியோ கேம்களைக் கேலி பேசிக்கொண்டே ஆடிக்காட்டுவார் கஜிவாரா. கஷ்டமான கட்டம் வந்ததும் திரையில் இரண்டு கைகள் மட்டும் தெரியும். அவை உதவியாளன் மொரியோவின் கைகள். முகம் ஒருநாளும் வந்ததில்லை.

கூரே ஊரில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் அவன் அக்கா சுமிகோ, அந்தக் கைகள் எத்தனை நிமிடம் வந்தன என்று வாராவாரம் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பாள்.

மார்ச் மாதத்தோடு நிகழ்ச்சியை மூடுவதென்று நிலையம் முடிவு செய்தது. இயக்குநர் ஓனிஷி மொரியோவைக் கூப்பிட்டார்.

"கடைசி வாரம் 'இரும்பு வாசல்' ஆடலாம். முதல் வருஷம் நாம முடிக்க முடியாம விட்ட ஆட்டம் அது ஒண்ணுதான். கடைசிக் கட்டத்த நீயே கேமரா முன்னாடி உக்காந்து ஆடு."

"நானா சார்?"

"உன் மூஞ்சியையும் ஜனங்க ஒருதடவை பாக்கட்டுமே."

"வேண்டாம் சார், சின்னப் புள்ளைங்க பாக்குற நேரம்," என்றார் பக்கத்திலிருந்த கஜிவாரா.

மொரியோவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஏப்ரலிலிருந்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. பழைய கேம் ஆடத் தெரிந்தவனை யாரும் தேடவில்லை. ஆனாலும் அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து சொன்னான்.

"நீலச் சட்டை போட்டுக்கோ. முடி வெட்டிக்கோ. நகத்தயும் பாத்துக்கோ."

"நகத்த எப்பவும் பாத்துக்கிறேன்க்கா."

இருபத்தாறு நாள் ஆடி, கடைசிக் கட்டமான அந்த வாசல் வரைக்கும் வந்துவிட்டான். அந்தக் காலத்துக் கேம் கேசட்டுக்கு ஒரு முறை உண்டு. அதில் பதிந்த ஆடிய கணக்கு அழியாமல் இருக்க வேண்டுமானால், இடது கட்டைவிரலால் பெட்டியின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சை அணைக்க வேண்டும். விரல் முந்தி விலகினால் எல்லாம் போய்விடலாம். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவைப்பது அந்த நிகழ்ச்சியில் கிடையாது. அது மோசடி என்பார் ஓனிஷி. பத்தொன்பது வருடத்தில் மொரியோவின் விரல் ஒருதடவைகூடத் தவறியதில்லை.

படப்பிடிப்பு நாளன்று அவன் முகத்துக்கு முதல்முறையாகப் பவுடர் போட்டார்கள். கேம் பெட்டியை அணைத்து, மாடியறையிலிருந்து கீழே அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். இடது கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தான். வலது விரலைச் சுவிட்சில் வைத்தான். கதவு திறந்தது. ஓனிஷியும் அவர் பின்னால் மொத்தக் குழுவும் வரிசையாக நின்றார்கள்.

"இத்தனை வருஷம் எங்களுக்காக ரொம்ப உழைச்சீங்க, மொரியோ," என்றார் ஓனிஷி.

அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள். மேலதிகாரி முந்திக் குனியும்போது எவன் உட்கார்ந்திருப்பான்? மொரியோ துள்ளி எழுந்தான். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, அவர்களைவிடத் தாழக் குனிந்தான். எழுந்த வேகத்தில் இடது கை முதலில் விலகியது. வலது விரல் சுவிட்சைத் தட்டிவிட்டது. நிமிர்ந்தபோது திரை கறுத்திருந்தது.

அரங்கில் பெட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். ஆடியவர் பெயரும் கணக்கும் இருக்க வேண்டிய மூன்று கட்டங்களும் காலி.

"மறுபடி அங்க வர எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார் ஓனிஷி.

"இருபது நாளாவது ஆகும் சார்."

அரங்கு அவர்களுக்கு அன்று ஐந்து மணி வரைக்கும்தான். கஜிவாரா கேலி எதுவும் சொல்லவில்லை.

"நான் பேசிச் சமாளிக்கிறேன். நீ முதல் கட்டத்த ஆடு," என்றார்.

மொரியோவுக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவரே போய் உட்கார்ந்தார். கேமராவை இறக்கி, எப்போதும்போல மொரியோவின் கைகளுக்கு நேராக வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா கூப்பிட்டாள்.

"பாத்தேன்டா. பன்னெண்டு நிமிஷம் வந்துச்சு."

"கூட யாருக்கா இருந்தா?"

"சமையற்கூடத்து ஆளுங்க பதினோரு பேரும் வந்திருந்தாங்க. மூஞ்சி எப்ப வரும்னு கேட்டாங்க. இதோ வரும்னேன். கடைசியில பேரெல்லாம் ஓடி முடியிற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டுப் போனாங்க."

என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

"நீலச் சட்டைதான? சட்டைக் கை ஓரம் தெரிஞ்சுது. நல்லா தேச்சிருந்த."

"ஆமாக்கா," என்றான் மொரியோ. "நீலந்தான்."