மேலிருந்து தட்டிய கதவு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் கதை விடுகிற ஆள் இல்லை. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன்.

புயல் அடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கடலோரப் புயல் காப்பகத்துக்கு வெள்ளையடிக்க நானும் என் மச்சானும் போனோம். யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறாராம். கூடத்தைச் சுற்றிலும், கூரைக்கு ஒரு முழம் கீழே, வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு.

"அந்தக் கோடு கண்ணுலயே படக் கூடாது. இங்க ஒரு உயிர்கூடப் போகல, தெரியுமா?" என்றார் காப்பகத்துக்குப் பொறுப்பான அதிகாரி. என்னவோ அவரே கடலைத் தடுத்து நிறுத்தியதுபோல. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் 3.40. மச்சான் டீ வாங்கப் போயிருந்தான். மேகம் கவிந்து கூடம் இருட்டியது.

டக்... டக்... டக்...

கோடியில் இருந்த சரக்கு அறை. வெளியே பூட்டு. தட்டுவது உள்ளேயிருந்து. அதுவும் கதவின் உச்சியில். நான் கையைத் தூக்கினாலும் எட்டாத இடம்.

"யாரு உள்ள?"

"அண்ணே... தொறங்க..."

பெண் குரல். பின்னால் ஒரு குழந்தையின் இருமல்.

அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சார், சரக்கு ரூம்ல யாரோ தட்டுறாங்க."

சட்டென்று கேட்டார்.

"மேல இருந்தா?"

நான் அதைச் சொல்லவே இல்லை...

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் வேலையப் பாருய்யா!" வைத்துவிட்டார்.

சுத்தியலால் பூட்டை உடைத்தேன். 3.52.

காலி அறை. காய்ந்த தரை.

கதவின் உட்புறம்... நகக் கீறல்கள். உச்சியில் மட்டும்.

ஈரமாக.

மறுநாள், புயலுக்கு அங்கே ஒதுங்கியிருந்த ஊர்த் தச்சர் ஒருவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். சொன்னார். நிவாரண மூட்டை களவு போய்விடும் என்று, புயலன்று அதிகாரியே அறையைப் பூட்டினாராம். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறியதும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அதிகாரியும்தான். சாவி அவர் சட்டைப் பையில்.

"தட்டுற சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. சாவியக் குடுன்னு கெஞ்சினோம். மூட்டை மிதந்து முட்டுதுன்னு சொல்லிட்டான், பாவி. அப்புறம் 'காணாமப் போனவங்க'ன்னு எழுதிட்டான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்தக் கதவக் கழட்டுங்க. அவன் ஆபீஸ் வாசல்லயே கொண்டுபோய் வைப்போம். அந்தக் கீறல ஊரே பாக்கட்டும்!"

தச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்தக் கீறல்? பழைய கதவ அவன் அப்பவே எரிச்சுட்டான்பா. இது புதுக் கதவு. போன செவ்வாக்கிழமை நான்தான் மாட்டினேன்."