பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவர்

தெருவில் அவரைக் கம்ப்ரசர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரசர் போச்சு, மாத்திடலாம்" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். தேய்ந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அக்காவின் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். அக்காவுக்கு மருந்துக் கடை கவுன்ட்டரில் வேலை. அப்பா இறந்த வருடம் கல்லூரியைப் பாதியில் விட்டுத் தம்பியைத் தொழில் படிக்க வைத்தவர் அவர்தான். பிறகு கல்யாணம், வெளியூர் வேலையில் இருக்கும் கணவர், படுத்த படுக்கையான மாமியார் என்று காலம் ஓடிவிட்டது. நடுவில் எப்படியோ விட்ட பட்டத்தை முடித்து, நாற்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. இலக்கியம் சேர்ந்திருந்தார்.

தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்கக்கா இலக்கியம் படிக்குது" என்று வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் கேட்காமலே சொல்வார். ஆனால் அக்காவின் பிறந்தநாள் வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. இலக்கியம் படிப்பவருக்கு என்னதான் வாங்கிக் கொடுப்பது? ஒரு வருடம் இறகு வடிவத்தில் ஒரு பேனா. அடுத்த வருடம் விரித்த புத்தகம் போல ஒரு கடிகாரம். "அழகா இருக்குடா" என்று அக்கா வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அலமாரியில் எதையோ தேடியபோது, உறை பிரிக்காத கடிகாரம் போர்வைகளுக்கு அடியில் கிடந்ததைத் தம்பி பார்த்துவிட்டார்.

அதனால் அந்த வருடம் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். அக்கா எப்போதும் ஒரு தடித்த புத்தகத்தைத்தான் வைத்துக்கொண்டிருப்பார். பழம்பாடல்களுக்கு யாரோ எழுதிய உரை. அட்டை போய், முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, திறந்தால் இரண்டு தாள் கீழே விழும். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். கம்ப்ரசர் அதன் பேரை எழுதிக்கொண்டு நான்கு கடை ஏறி இறங்கினார். நாலாவது கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். கெட்டி அட்டை, தங்க எழுத்து.

பிறந்தநாளன்று அக்கா வேலைக்குப் போனதும், மேஜையில் பழையது இருந்த இடத்தில் புதியதை வைத்தார். புதுப் பாகத்தை மாட்டியதும் பழையதை அப்புறப்படுத்துவது தொழில் பழக்கம். பழைய பேப்பர் கட்டோடு சேர்த்து அதையும் கடையில் போட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் அக்கா புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. "எனக்கு இதுதான் வேணும்னு எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றவர், சட்டென்று மேஜையைச் சுற்றிப் பார்த்தார். "பழசு எங்கடா?"

"ஏன்க்கா?"

"என் குறிப்பெல்லாம் அதுலதான் இருக்கு. பதினோரு வருஷமா எழுதினது. அடுத்த மாசம் கட்டுரை கொடுக்கணும். அதை வச்சுத்தான் எழுதணும்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "தெரியலையேக்கா. நான் வைக்கும்போது அங்க ஒண்ணும் இல்லையே."

மறுநாள் காலையில் பழைய பேப்பர் கடையைத் திறக்கும்போதே போய் நின்றார். "நேத்தே லோடு ஏத்தியாச்சுண்ணே. இந்நேரம் கூழாகியிருக்கும்" என்றார் கடைக்காரர்.

மூன்று நாள் அக்கா தேடினார். மாமியாரின் தலையணைக்கு அடியில்கூடப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்ப்பதற்காகக் கட்டிலைத் தூக்கிப் பிடித்தவரே கம்ப்ரசர்தான். "எனக்கு மறதி வந்துடுச்சாடா?" என்று அக்கா கேட்டபோது, "அதெல்லாம் இல்லக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

நான்காம் நாள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் அக்கா கேட்டார். குற்றம் சொல்லவில்லை, கேட்டார், அவ்வளவுதான். "நீங்க ஏதாவது எடுத்து வச்சீங்களா?"

தரை துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார். "நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. உங்க புஸ்தகத்தை எடுத்துட்டுப் போய் என்னம்மா பண்ணப் போறேன்? ஆறு வருஷத்துல ஒரு ஸ்பூன் காணாமப் போயிருக்கா?" துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாடிப்படியில் காபி டம்ளரோடு கம்ப்ரசர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை.

அன்றைக்கு ஒரு வீட்டில் ஒயரை மாற்றி மாட்டி ஃபியூஸைப் போக்கினார். வேலையை அப்படியே விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். வரிசை தீரும்வரை ஓரமாக நின்று, பிறகு கவுன்ட்டருக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா கத்தவில்லை. கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "புஸ்தகத்தைத் தெரியாமப் போட்டுட்ட. சரி. காலைல அந்த அம்மா போறதைப் பார்த்துக்கிட்டு நின்னியே, அதுவும் தெரியாமலா?"

கம்ப்ரசர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தார்.

"என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிக்காத. முதல்ல அவங்க வீட்டுக்குப் போ."

போனார். அந்த அம்மா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. "எனக்கு அப்பவே தெரியும் தம்பி. உங்க மூஞ்சியைப் பார்த்தேன்ல. நீங்களே சொல்லுவீங்கன்னு கேட் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்."

அடி வாங்கியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. சாயங்காலம் அக்காவும் போய் மன்னிப்புக் கேட்டார். அக்காவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார் அந்த அம்மா. ஆனால் வேலைக்குத் திரும்பி வரவில்லை.

கட்டுரை ஒரு பருவம் தள்ளிப்போனது. நினைவில் இருந்ததை வைத்து அக்கா மறுபடி முதலிலிருந்து எழுதினார். அந்த வீட்டில் தம்பியோடு பேச்சு வேளா வேளைக்குச் சாப்பிடக் கூப்பிடுவதோடு நின்றிருந்தது. அடுத்த பிறந்தநாள் நெருங்கியபோது அவரே போய்க் கேட்டார். "என்ன வேணும்னு நீயே சொல்லிடுக்கா."

அக்கா யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை காலைல நாலு மணி நேரம் வேணும். அத்தையைப் பார்த்துக்கோ. வீடே இடிஞ்சு விழுந்தாலும் என்னைக் கூப்பிடாத."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டார். "ஸ்க்ரூ முடுக்குற மாதிரி வாராதடா" என்று கிழவி திட்டுவார். வீட்டையும் அவரே துடைத்தார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா எழுதிக்கொண்டிருந்தார். தேர்வில் நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது.

அந்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய்விடலாமா என்று கால் திரும்பியது. அதற்குள் அந்த அம்மாவே கேட்டுவிட்டார். "அக்கா பாஸாயிட்டாங்களா தம்பி?"

"ஆயிட்டாங்கம்மா."

"சந்தோஷம். நான் கேட்டதாச் சொல்லுங்க."

பஸ் வந்தது, அந்த அம்மா ஏறிப் போனார். காதுமடல் சுடச்சுட, டூல்ஸ் பையோடு கம்ப்ரசர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.