தண்டோரா போட்ட வில்லி

அந்த வீடியோ கேமில் நாம்தான் வில்லன். மலை உச்சியில் ஒரு கோட்டை, கீழே ஓர் ஆறு, இரு கரையிலும் அப்பாவி ஜனங்களின் ஊர்கள். ஊர்களைக் கொள்ளையடிக்க வேண்டும், காப்பாற்ற வருகிற வீரர்களைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும், அணையைத் திறந்துவிட்டு வயல்களை மூழ்கடிக்க வேண்டும். எல்லாமே கேலியும் கிண்டலுமாக நடக்கும். நம்மிடம் வேலை பார்க்கிற பூதங்கள் சம்பள உயர்வு கேட்டுக் கொடி பிடிக்கும். சிறையில் கிடக்கிற வீரன், சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று புகார் சொல்வான். வெள்ளத்தில் மிதந்து போகிற பெரியவர், வீட்டைக் கழுவிக் கொடுத்ததற்கு நன்றி என்று கையசைத்துக்கொண்டே போவார். சிரித்து முடித்த பிறகுதான், சே, என்ன ஜென்மம் நாம் என்று தோன்றும்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நான் குடவாசல் பக்கத்து எங்கள் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். வேலை சாயங்காலம்தான் தொடங்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா கண்ணயர்ந்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வில்லத்தனம் பண்ணுவேன். ஒரு நாள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே அண்ணி எட்டிப் பார்த்தார். என் அண்ணன் மனைவி. கல்யாணமான கையோடு அண்ணன் குவைத்துக்குத் திரும்பிவிட்டான். அண்ணி எங்களோடு இருந்தார்.

"யாரு இந்த மொட்டத் தலையன்?" என்றார்.

"நான்தான்."

"ஓ, ஜாடை இருக்குடி."

அப்படி வந்து உட்கார்ந்தவர்தான். ஒரு வாரத்தில் மவுஸ் அவர் கைக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு எதிரில் குரலே எழும்பாத மனுஷி, கேமுக்குள் போய்விட்டால் ஆளே வேறு. "தூக்கி உள்ள போடுடா அவன! சம்பளம் வேணுமாம்ல சம்பளம்!" என்று பூதங்களை வாங்கு வாங்கென்று வாங்குவார். கூடத்தில் படுத்திருக்கிற அம்மா, "ஆருடி அது, ஆர உள்ள போடுறீங்க?" என்று பதறி எழுந்து உட்காருவாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். இங்கிலீஷில் ஓடுகிற வசனத்தையெல்லாம் அண்ணி எங்கள் பாஷையில் மாற்றிப் பேசிக் காட்டுவார். கேமைவிட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வரும். அணையைத் திறக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் தண்டோராக்காரன் படம் ஒன்று இருக்கும். அவனை அமுக்கினால் முரசோடு ஊருக்குள் போய், நாளைக்கு வெள்ளம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவான். சும்மா வேடிக்கைக்கு வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் மேட்டுக்கு ஏறிவிட்டால் கொள்ளை குறையும், நமக்குத்தான் நஷ்டம். அதை எவனும் தொடமாட்டான். அண்ணி மட்டும் ஒவ்வொரு தடவையும் அவனை அனுப்பிவிட்டுத்தான் அணையைத் திறப்பார்.

"ஐயோ அண்ணி! தண்டோரா போட்டுட்டு வர்ற வில்லன் எந்த ஊர்ல இருக்கான்?"

"நான் இருக்கேன்ல. தண்ணியத் தொறக்குறதுன்னா சொல்லிட்டுத்தான் தொறக்கணும்."

"அப்ப ஜெயிச்ச மாதிரிதான்."

"தோத்தா தோத்துட்டுப் போறேன், போ."

அவர் பிறந்த ஊர் கொள்ளிடக் கரை. அங்கே மேலே அணையில் திறந்தால் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஆற்றில் இறங்காதீர்கள், ஆடு மாட்டைப் படுகையில் கட்டாதீர்கள் என்று. ஒரு வருஷம் அந்த ஆட்டோ அவர்கள் தெருவுக்கு வரவில்லை. படுகையில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் போயிற்று. கயிற்றோடு போய்விட்டன என்றார். அதைச் சொன்னபோது அவர் கை மவுஸைப் பிடித்தபடியே இருந்தது. நான் அதற்கப்புறமும் அவரைக் கிண்டல் செய்வதை விடவில்லை.

தண்டோராக்காரன் ஊருக்குள் போனால் ஜனங்கள் அவனைப் படுத்துகிற பாடு தனி. போன வாரமும் இதைத்தான் சொன்னாய் என்பார்கள். உன் முரசுக்குத் தோல் மாற்றக் கூடாதா என்பார்கள். பாதிப் பேர் மேட்டுக்குப் போவார்கள், மீதிப் பேர் விருந்து சமைத்துக்கொண்டிருப்பார்கள். "பாரு, பாரு, ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்குறான்" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

அண்ணன் தினமும் போன் செய்வான். அண்ணியை அழைத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கல்யாணமே பேசினார்கள். ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பான், அப்புறம் விசா என்பான், அப்புறம் அடுத்த மாசம் என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அண்ணி பி.எட். முடித்தவர். அவர் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு மருமகளுக்கு எதுக்கு வேலை என்று அம்மா தட்டிக் கழித்துவிட்டாள்.

சம்பா கதிர் வாங்கிய சமயம் அது. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அண்ணி சொன்னார். "அறுப்பு முடியுற வரைக்கும் பார்ப்பேன் மாமா. அதுக்குள்ள அவரு டிக்கெட் அனுப்பலன்னா நான் எங்க ஊருக்குப் போயிடுவேன். வேலைக்குப் போகப் போறேன். திரும்ப வரமாட்டேன்."

அப்பா, "மெஷின் கிடைக்குதான்னு பார்ப்போம்" என்றார். அறுப்பு மெஷினைச் சொன்னார். அம்மா, "பொங்கலுக்கு எல்லாரும்தான் பொறந்த வீட்டுக்குப் போவாங்க, போயிட்டு வா" என்றாள். நான் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடமும் அதையே சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்குக் கேட்டது. அவன் சிரித்தான். "கோவமா இருக்கீங்களா மேடம்?" என்றான். பிறகு அங்கே வெயில் எப்படி என்று பேசினான். அடுத்த மத்தியானம் கேம் ஆடும்போது அண்ணி என் முகத்தைப் பார்த்து, "நெசமாத்தான் சொல்றேன், நான் போயிடுவேன்" என்றார். "போங்க, போங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் தண்டோராக்காரனை அமுக்கிவிட்டு அவன் ஊருக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் வந்தது. வயலில் நெல் இறங்கியது, வைக்கோலையும் கட்டி எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை அண்ணி குளித்து, தலை வாரி, ஒரு பையோடு கூடத்துக்கு வந்து நின்றார். வாசலில் ஆட்டோ. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா இது, திடுதிப்புன்னு?" என்றாள்.

"திடுதிப்புன்னு இல்ல, அத்தை."

தோசைமாவு ஆட்டி வைத்திருக்கிறது, அப்பாவின் பிரஷர் மாத்திரை ஷெல்ஃபில் மேல் தட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். என்னிடம் வந்து கன்னத்தைத் தொட்டார். நான் எதையாவது சொல்லியிருக்கலாம். இருங்கண்ணி என்றாவது சொல்லியிருக்கலாம். பைத்தியம் மாதிரி, "சார்ஜர் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் திரும்பி வரவில்லை. அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்பா போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். இப்போது பிரிவுக்குப் பேச்சு நடக்கிறது. எனக்கு அண்ணி போய்விட்ட வருத்தம் ஒரு பக்கம். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை சிரித்த எனக்குக்கூட அவர் மனசு புரியவில்லையே என்பதுதான் ஆறவில்லை. அந்தக் கேமில் நான் வில்லன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விருந்து சமைத்துக்கொண்டிருந்த அந்த ஜனங்களில் ஒருத்தி நான். லேப்டாப்பில் அவர் ஆடி நிறுத்திய இடம் அப்படியே இருக்கிறது. தண்டோராக்காரன் ஊர் நடுவில் நிற்கிறான், அணை இன்னும் திறக்கவில்லை. மேற்கொண்டு ஆட எனக்குக் கை வரவில்லை.

அண்ணி போன அன்றைக்கு அண்ணன் எனக்குத் தனியாகப் போன் செய்தான். அழுதிருந்தான் என்று குரலிலேயே தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஒட்டு. உன்கிட்டயாவது ஒரு வார்த்த சொன்னாளாடி?"

"சொன்னாங்கண்ணே."

"அப்புறம் ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல?"

"உனக்கும் சொன்னாங்கண்ணே. நீ சிரிச்ச."